கை படாத இடம்

அந்தத் தெருமுனையில் வண்டிச் சக்கரத்தில் காற்று இறங்கிப்போனால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. "காத்தக்கா கடை திறந்திருக்கா?" என்று எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். கடை என்னவோ அவள் புருஷனுடையதுதான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ஊர்க்கதை பேசி, நடுநடுவே வேலையும் பார்ப்பவர் அவர். கல்யாணமாகி வந்த புதிதில் சைக்கிளுக்குக் காற்றடிக்க மட்டும் வந்து நின்றவள், போகப்போக டயரைக் கழற்றவும், டியூபை உருவவும், தொட்டித் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டாள். காற்றில் ஆரம்பித்ததால் பெயரும் காற்றோடு ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வேலையில் கெட்டிக்காரிதான். அவளுடைய ஒரே குறை அந்தக் கைகள். ரப்பர்க் கறுப்பு நகக்கண்ணில் ஏறி, ரேகைக்குள் இறங்கி, என்ன போட்டுத் தேய்த்தாலும் போக மாட்டேன் என்று குடியிருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் கை இரண்டையும் மடியில் துணிக்குள் மறைத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். தண்ணீர் கொடுத்தால் கூட, தாகமில்லை என்று சொல்லிவிடுவாள்.

அதனால்தான் டாக்டர், "இனிமே இவர் வீட்டுக்குப் போறதும் போகாததும் உங்க கையிலதாம்மா இருக்கு" என்றபோது அவள் இரண்டு கையையும் துணிக்குள் இழுத்துக்கொண்டாள். சொன்னவருக்கு அது பேச்சு. கேட்டவளுக்கு நிஜமாகவே கை.

புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. முதலில் கால் வீங்கியது. நின்று நின்று வேலை பார்ப்பதால் என்றார். அவர் நின்று வேலை பார்த்ததை அந்தத் தெருவே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பிறகு முகம் வீங்கியது. தூக்கம் போதவில்லை என்றார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் சொல்வதற்குக் காரணம் கிடைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே பிரஷர் இறங்கிக் கண் செருகிவிட்டது. இதயம் தாங்காது என்று அதை நிறுத்திவிட்டு, வயிற்றில் விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாயைப் பதித்தார்கள். அந்தக் குழாய் வழியாக மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் உள்ளேயே நிறுத்தி, பிறகு வெளியே வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தினமும், காலை முதல் படுக்கப்போகும் வரை நாலு தடவை, வீட்டிலேயே.

"கிருமி மட்டும் உள்ள போயிடக் கூடாது. போச்சுன்னா இந்த வழியும் அடைஞ்சு போயிடும். அதுக்கப்புறம் எங்களுக்கு வேற வழி தெரியலைம்மா" என்றார் டாக்டர்.

அவர் போனதும் நாத்தனார் அவளுடைய கைகளைப் பார்த்தாள். ஊறுகாய் போட்டு விற்கிறவள் அவள்; தம்பிக்கு முடியாமல் போனதிலிருந்து ஜாடிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு இங்கேயே கிடந்தாள்.

"இந்தக் கையாலயா?" என்று மட்டும் கேட்டாள்.

கெட்ட மனசு கிடையாது அவளுக்கு. வாய்தான் ஆளுக்கு முன்னால் போய் நிற்கும். காத்தக்காவும் தனக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சொல்லிக்கொடுக்கும் அறை வார்டின் கோடியில் இருந்தது. ஒரு மேஜை, பையைத் தொங்கவிடும் கம்பி, கை கழுவும் தொட்டி, நாலைந்து நாற்காலிகள். அங்கே இருந்த சிஸ்டர் கட்டைகுட்டையான பெண். காத்தக்காவைவிட வயதில் சின்னவள். படம் காட்டிப் பாடம் நடத்துவாள், நடுவில் கேள்வி கேட்பாள், பதில் தெரியாமல் முழிக்க வேண்டும் என்றெல்லாம் பயந்து போய் உட்கார்ந்திருந்தாள் இவள்.

"சாப்டீங்களாக்கா?"

"ஆச்சு சிஸ்டர்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"பஞ்சர் ஒட்டற கடை."

"அண்ணன் ஒட்டுவாரு, நீங்க கூட இருப்பீங்களா?"

சக்கர நாற்காலியில் இருந்த புருஷன் முந்திக்கொண்டார். "இல்ல சிஸ்டர். அவ ஒட்டுவா. நான் கூட இருப்பேன்."

சிஸ்டர் சிரித்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் ஒரு தடவை முழுக்கச் செய்து காட்டினாள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மாஸ்க் கட்டி, கையை அழுத்தித் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, பையைக் கம்பியில் மாட்டி, பழக்கிக் காட்டுவதற்காகத் தன் இடுப்பில் கட்டியிருந்த துணிப் பொம்மை வயிற்றின் குழாயில் இணைத்துக் கழற்றி மூடி போட்டாள். அவசரமே இல்லை. அந்த அறையில் அப்போது நாத்தனார்கூடப் பேசவில்லை, அது சாதாரண விஷயமில்லை.

"வயித்துக்குள்ள ஒரு தோல் இருக்குக்கா" என்று பிறகு ஆரம்பித்தாள் சிஸ்டர். "குடலச் சுத்திப் போர்த்தின மாதிரி இருக்கும். வெங்காயம் உரிச்சா நடுவுல மெல்லிசா ஒண்ணு வருமே, அவ்வளவு மெல்லிசு. நாம விடற தண்ணி அந்தத் தோலுக்கு இந்தப் பக்கம் நிக்கும். அந்தப் பக்கம் ரத்தம் ஓடிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல இருக்கற கழிவெல்லாம் மெல்ல மெல்ல இந்தத் தண்ணிக்கு வந்துரும்."

"தானாவா?"

"தானா."

"ஓட்டை இல்லாமலா?"

"கண்ணுக்குத் தெரியற ஓட்டை கிடையாது."

"புது டியூப்லயும் காத்து இறங்கும் சிஸ்டர். தண்ணில முக்கினா ஒரு குமிழிகூட வராது. ஆனா வண்டிய எடுக்காம ஒரு மாசம் விட்டா தொளதொளன்னு ஆயிருக்கும். ரப்பர் வழியாவே போயிரும்."

"இது எனக்குத் தெரியாதே" என்றாள் சிஸ்டர். அவள் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "அதேதாங்க்கா. அதே கதைதான் உள்ளயும்."

காத்தக்கா திரும்பிப் புருஷனின் வயிற்றைப் பார்த்தாள். அந்தத் தொப்பையை இத்தனை வருஷமாகக் கேலிதான் செய்திருக்கிறாள். அதற்குள்ளே இப்படி ஒரு தோல் விரிந்து கிடக்கிறது, கேட்பார் யாரும் இல்லாமல் சும்மா இருந்திருக்கிறது, இப்போது கூப்பிட்டால் வேலைக்கு வருகிறது என்றால் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"சரி. இப்ப நான் ஒண்ணும் தெரியாதவ" என்று சிஸ்டர் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். "உங்க வீட்டுக்கு வந்திருக்கேன். இது என்ன, ஏன் பண்றீங்கன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க."

தலைகீழாக நின்றாலும் காத்தக்காவுக்கு வார்த்தை வரவில்லை. சிஸ்டர் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. சொல்லத் தெரிகிற வரைக்கும் சாயங்காலமானாலும் உட்கார்ந்திருப்பேன் என்கிற மாதிரி இருந்தாள். கடைசியில் டியூபையும் காற்றையும் வைத்தே தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தபோது, தான் சொன்னது தனக்கே புரிந்திருப்பது காத்தக்காவுக்கு அதிசயமாக இருந்தது.

வினை மறுநாள்தான் வந்தது. பையை உறையிலிருந்து எடுத்து, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று அழுத்திப் பார்க்க வேண்டும். இவள் அழுத்தினாள். சந்தேகம் தீரவில்லை. சிஸ்டர் மூடியை எடுக்க அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கை கழுவும் தொட்டியை அடைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, பையைக் குழாயோடு சேர்த்து முக்கி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, குடி கெட்டுது" என்று நாத்தனார் தலையில் கை வைத்தாள். "சொன்னேனே, இவளுக்கு இதெல்லாம் வருமா? தம்பிய இங்கயே விட்டுடலாம் சிஸ்டர். நீங்களே பாத்துக்கங்க."

காத்தக்கா ஈரக் கையோடு அப்படியே நின்றாள். இதோடு முடிந்தது, இனி அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

சிஸ்டர் பக்கத்தில் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். "எதுக்குக்கா முக்குனீங்க?"

"ஒழுகுதான்னு பாக்க."

"உங்க கடையில அப்படித்தான் பாப்பீங்களா?"

"ஆமா சிஸ்டர். முக்காம ஒரு டியூபையும் வெளிய அனுப்ப மாட்டேன்."

"நல்ல வழக்கம்" என்றாள் சிஸ்டர். அந்தப் பையை எடுத்துக் குப்பையில் போட்டாள். "இன்னைக்கு இது போதும். நாளைக்கு வரும்போது ஒரு ஓட்டை டியூப் எடுத்துட்டு வாங்க. ஒட்டற சாமானும் வேணும். எனக்குச் சொல்லிக்கொடுங்க."

கேலி செய்கிறாளோ என்று இவளுக்குச் சந்தேகம். நாத்தனாருக்குச் சந்தேகமே இல்லை. "உன்னைச் சமாதானப்படுத்தி அனுப்பறாங்க" என்றாள்.

மறுநாள் அந்த மேஜையில் மருந்துப் பைக்குப் பதில் பழைய டியூப் கிடந்தது. காத்தக்காவின் குரல் மாறிவிட்டது. உப்புத்தாளை சிஸ்டர் கையில் கொடுத்து ஓட்டையைச் சுற்றித் தேய்க்கச் சொன்னாள். "இன்னும் அழுத்தி. பளபளப்பு போகணும். ம், அப்படி." சிஸ்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். தேய்த்து முடித்ததும், சொரசொரப்பாக வந்திருக்கிறதா என்று கட்டை விரலை அதன்மேல் வைக்கப் போனாள். காத்தக்கா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க சிஸ்டர். கை பட்டா ஒட்டாது."

"என் கை சுத்தமாத்தானே இருக்கு? இப்பத்தானே கழுவினேன்."

"கழுவினாலும் தோல்ல எண்ணெய் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒட்டினப்போ நல்லாத்தான் இருக்கும், வண்டி பாதி வழி போனதும் பிச்சுக்கிட்டு வந்துரும்."

"கொஞ்சமாத்தானே பட்டுதுன்னு விட்டா?"

"கொஞ்சமாவது நிறையவாவது. பட்டா பட்டதுதான். மறுபடி தேய்க்கணும்."

சிஸ்டர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கமிருந்த பொம்மை வயிற்றின் குழாயை எடுத்து, மூடியைத் திறந்து, அதன் வாயை அவளுக்குக் காட்டினாள். அவ்வளவுதான்.

காத்தக்கா அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தாள். தான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்த பாடம் திரும்பி வந்து தன் எதிரிலேயே நிற்பதைப் பார்த்தாள். அடைப்பு திறந்த மாதிரி இருந்தது. "அப்போ ஒழுகறது மட்டும் இல்ல பயம்" என்றாள் மெதுவாக. "வெளிய இருக்கறது உள்ள போகக் கூடாது. தண்ணில முக்கினா தண்ணில இருக்கறதெல்லாம் இதுல ஒட்டிக்கும். இது தேய்ச்சு வச்ச இடம் மாதிரி."

"யாருக்கு யாரு சொல்லிக்கொடுத்தோம்னே தெரியலக்கா" என்றாள் சிஸ்டர்.

"சிஸ்டர், எங்க கடைக்கு ஒரு ஆள் வேணும். வர்றீங்களா?" என்றார் புருஷன்.

அதன் பிறகு காத்தக்காவின் கை தடுமாறவில்லை. நகத்தை ஒட்ட வெட்டி, பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவினாள். கறுப்பு போகவில்லை. சிஸ்டரிடம் கையை நீட்டி, "இது?" என்று கேட்டாள். "அது சாயம்க்கா, அழுக்கு இல்ல" என்று சிஸ்டர் சொன்னதை அன்று முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நிஜ வயிற்றில் நிஜத் தண்ணீரை அவளே விட்டு, அவளே வடித்த நாளைத்தான் அவளால் மறக்க முடியாது. உள்ளே போனது கண்ணாடி மாதிரித் தண்ணீர். கீழே வைத்த பையில் சத்தமில்லாமல் இறங்கி வந்தது வெளிறிய மஞ்சள். பை நிறைய நிறைய அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமாக அவரை வீங்க வைத்து, சோறு இறங்காமல் செய்து, பேச்சைக்கூடக் குறைத்த விஷம் இதோ பைக்குள் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவந்தது இந்தக் கை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார், "சீ, அதப் போய்ப் பாத்துக்கிட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிஸ்டர் ஒரு செய்தித்தாளை எடுத்துப் பைக்குப் பின்னால் பிடித்தாள். "எழுத்து தெரியுதாக்கா?"

"தெரியுது."

"தெரிஞ்சா நல்ல தண்ணி. கலங்கிப் போய் எழுத்து மங்கலா இருந்தா கிருமி உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். பையையும் தூக்கிக்கிட்டு உடனே வந்துரணும். இன்னொண்ணு. என்னைக்காவது கை பட்டுரும். யாருக்கும் படும், எனக்கும் பட்டிருக்கு. பட்டுச்சுன்னா குழாய நெருக்கி அடைக்கற கவ்விய மூடுங்க, புது மூடி போடுங்க, எனக்கு ஃபோன் பண்ணுங்க. தண்ணி மட்டும் உள்ள விடாதீங்க."

வீட்டில் டயர் அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்கு வலை போட்டாள். பழைய டயர்கள் முற்றத்தில் மழையில் நனைந்தன. அதைப் பற்றி அவர் முணுமுணுக்க ஆரம்பித்தபோதுதான் அவருக்கு உடம்பு தேறுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வீக்கம் வடிந்து, பழைய முகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. வடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவே கடைக்கு ஓடி ஒரு டியூப் ஒட்டிவிட்டு வந்து, மறுபடி கையைத் தேய்த்துக் கழுவினாள். அந்தக் கை அவ்வளவு சோப்பை ஆயுசில் பார்த்ததில்லை.

நாத்தனார் ஊருக்குப் போகவில்லை. சமையலைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் மாற்றும் நேரத்தில் மட்டும் மாஸ்க் கட்டிக்கொண்டு அறை மூலையில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்வாள். அதைச் செய்யச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் பழைய தண்ணீரை வடிப்பதற்குப் பையைத் தயாராக வைத்துவிட்டு, குழாயின் மூடியைக் கழற்றினாள் காத்தக்கா. அந்த நொடி அவருக்கு இருமல் வந்தது. வயிறு தூக்கிப் போட்டது. குழாயின் வாய் அவர் சட்டை நுனியில் லேசாகத் தொட்டுவிட்டு விலகியது. கண் சிமிட்டுகிற நேரம்.

அவர் கண்ணை மூடி இருமிக்கொண்டிருந்தார். நாத்தனார் பார்த்துவிட்டாள். பார்த்ததை அவள் முகமே சொன்னது.

காத்தக்கா குழாயைப் பிடித்தபடி நின்றாள். இதைச் சொன்னால் என்ன ஆகும்? உன் கைக்கு இது சரிப்படாது என்று சொல்லிவிடுவார்களோ? இந்த வழியையும் பிடுங்கிக்கொண்டால் இவரை எங்கே கொண்டு போவாள்? சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"என்ன ஆச்சு? ஏன் நிக்கற?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லடா" என்றாள் நாத்தனார். இவள் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில், "லேசாத்தானே பட்டுச்சு, தோய்ச்ச சட்டைதான். மாட்டிவிடு. ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சா மறுபடி அவன அங்க கட்டிப்போட்டுருவாங்க" என்றாள்.

காத்தக்கா கவ்வி மூடியிருக்கிறதா என்று பார்த்து இறுக்கினாள். புது மூடியை எடுத்துப் போட்டாள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, உங்க ஊறுகாய் ஜாடில ஈரக் கரண்டி பட்டுதுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அது வேற கதை."

"லேசாப் பட்டுதுன்னு வச்சுக்கங்க. யாரும் பாக்கல. விப்பீங்களா?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். ஜாடி பூஞ்சணம் பூத்துப்போனால் தெருவில் கொட்டுவாளே தவிர, ஒரு கரண்டி யாருக்கும் கொடுக்க மாட்டாள். அது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"செருப்பு எங்க இருக்கு?" என்றாள் நாத்தனார். "நான் போய் வண்டி கூப்பிடறேன். நீ ஃபோன் பண்ணு."

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் திட்டவில்லை. கையுறை மாட்டி, குழாயின் நுனிப் பகுதியைக் கழற்றிப் புதிதாக மாட்டினாள். கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த பையை ஏற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு காத்தக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"என்கிட்ட சொல்லப் பயந்தீங்களா?"

"பயந்தேன் சிஸ்டர். இந்தக் கையப் பாத்து நீங்க…"

"கறுத்த கையப் பாத்து எனக்குப் பயம் கிடையாதுக்கா. எனக்குக் கை படவே இல்லன்னு சொல்றாங்க பாருங்க, அவங்க வீட்ட நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வராது." சிஸ்டர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ரெண்டு மூணு நாள் தண்ணியப் பாருங்க. தெளிவா இருந்தா தப்பிச்சோம்."

அந்த நாட்களில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை வடிக்கும்போதும் காத்தக்கா செய்தித்தாளைப் பைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். முதல் நாள் தெளிவு. இரண்டாம் நாளும் தெளிவு. மூன்றாம் நாள் காலையில் தூக்கம் கெட்ட கண்ணோடு பையைப் பார்த்தவளுக்கு, அது தெளிவா கலங்கலா என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது. பைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியல அண்ணி. நீங்க பாருங்க."

அந்தத் தண்ணீரை இதுவரை ஏறிட்டுப் பார்க்காத நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். செய்தித்தாளை மடித்துப் பைக்குப் பின்னால் பிடித்து, குனிந்து, கண்ணைச் சுருக்கினாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். கட்டிலில் இருந்தவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"வீடு… வாடகைக்கு" என்று ஆரம்பித்தாள். "இரண்டு அறை. தண்ணீர் வசதி உண்டு."

காத்தக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"போதும்கா, தெரியுதில்ல" என்றார் அவர்.

"சும்மா இருடா" என்றாள் அக்கா. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்து மாஸ்க்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "காற்றோட்டம் உள்ளது. மாடிப்படி தனி. சிறிய குடும்பத்துக்கு ஏற்றது. இரும்மா, இன்னும் கீழ பொடி எழுத்துல இருக்கு, அதுவும் தெரியுது" என்று அவள் அந்த மஞ்சள் தண்ணீர் வழியாகக் கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டே போனாள்.